கேபிள் இல்லாத கிட்டார்: மேடைக் கலைஞர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், தேவாலய ஆராதனை, கல்லூரி கல்ச்சுரல்ஸ் என்று மேடை எதுவானாலும் எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று இருக்கும். கேபிள் காலில் சிக்கும். பாடகர் நடந்து வரும்போது மிதித்து இழுப்பார். லீட் பிட் தொடங்கும் நேரம் பார்த்து ஜாக் பின் கழன்று வரும். ஒயர்லெஸ் வாங்கிவிடலாம் என்ற எண்ணம் அப்போது வருகிறது. தேடிப் பார்த்தால் சில ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது, லட்சத்தைத் தொடும் விலையிலும் இருக்கிறது.

பெட்டியில் அச்சிட்ட எண்களை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு வருந்துபவர்கள் நிறைய. நீங்கள் வாசிக்கும் மேடைகளிலேயே மிக மோசமானது எது என்று முதலில் யோசியுங்கள். அந்த மேடையில், அந்தக் கூட்டத்தில், அந்த ஜெனரேட்டர் கரண்டில் தாங்கக்கூடியதை வாங்குங்கள். இங்கே தந்திருக்கும் குறிப்புகள் எல்லாம் அந்த ஒரு கணக்கை வைத்து எழுதியவை.

1. நீங்கள் மேடையில் நடக்கிறீர்களா? மெல்லிசைக் குழுக்களில் கிட்டார் வாசிப்பவர் பெரும்பாலும் கீபோர்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் வாசிக்கிறார். அவருக்கு ஒயர்லெஸ் அவசியமே இல்லை. தரமான 3 மீட்டர் கேபிள் ஒன்றும், அதே தரத்தில் மாற்றுக் கேபிள் ஒன்றும் போதும். மீதிப் பணத்தில் நல்ல பிராசஸர் வாங்கலாம். பாடிக்கொண்டே வாசிப்பவர், ஆராதனையை முன்நின்று நடத்துபவர், மேடையின் இரு ஓரமும் ஓடி வாசிக்கும் கல்லூரி பேண்ட் பையன்கள், பெண்கள் ஆகியோருக்குத்தான் இது உண்மையாகப் பயன்படும்.

2. ஷாக் விஷயத்தில் ஒயர்லெஸ் பெரிய பாதுகாப்பு. இதை விற்பனையாளர்கள் சொல்வதே இல்லை. எனக்கோ ஒயர்லெஸ் வாங்குவதற்கு இதுவே முதல் காரணமாகப் படுகிறது. கிட்டாரின் கம்பிகள் கேபிளின் வெளிப்பின்னல் வழியாக ஆம்ப்ளிஃபயரின் உலோக உடலோடு இணைந்திருக்கின்றன. மைக்கின் வலைமுகம் மிக்ஸரோடு இணைந்திருக்கிறது. இரண்டும் வெவ்வேறு இடத்திலிருந்து கரண்ட் எடுத்து, ஒன்றில் எர்த் சரியில்லாமல் போனால், கையால் கம்பியைத் தொட்டபடி உதட்டை மைக்கில் வைப்பவரின் உடல் வழியாகக் கரண்ட் பாயும். 1972 மே மாதம் இங்கிலாந்தை அடுத்த வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையில் மைக்கைத் தொட்டபோது இப்படித்தான் உயிரிழந்தார். 1976 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், கிஸ் குழுவின் ஏஸ் ஃப்ரேலி மேடைப் படிக்கட்டின் உலோகக் கைப்பிடியைப் பிடித்ததும் ஷாக் அடித்து விழுந்தார். அவர் பிழைத்துக்கொண்டார். அதன் பிறகே அந்தக் குழு கென் ஷாஃபர் உருவாக்கிய ஷாஃபர்-வேகா ஒயர்லெஸுக்கு மாறியது.

ஒயர்லெஸ் போட்டால் கிட்டார் கம்பிக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் உலோகத் தொடர்பே இல்லை. வயலில் பந்தல் போட்டு, ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடைகளுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

3. ஆனால் எர்த்துக்கு மாற்று ஒயர்லெஸ் இல்லை. நம் ஊர் மேடைகளில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும் வழக்கம் உண்டு. வெறுங்காலால் பெடலின் உலோக உடலை மிதித்தபடி மைக்கில் பாடினால் கரண்டுக்குப் பழைய பாதை திறந்தே இருக்கிறது. கச்சேரிக்கு முன் டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை மைக்கின் வலையிலும், பெடலின் திருகிலும், கீபோர்டு ஸ்டாண்டிலும் வைத்துப் பாருங்கள். எரிந்தால் எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யும் வரை எதையும் தொடாதீர்கள். ‘ஹம்’ சத்தம் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை உடைப்பதையோ டேப் சுற்றுவதையோ யார் செய்தாலும் தடுத்து நிறுத்துங்கள்.

4. வகைகள் மூன்று. கிட்டார் ஜாக்கில் நேரே செருகும் சிறிய வகை, அதற்கு ஜோடியாகப் பிராசஸரில் செருகும் அதேபோன்ற துண்டு. அடுத்தது, ஸ்ட்ராப்பிலோ இடுப்பிலோ மாட்டும் பாடி பேக். அதன் ரிசீவர் பெடல் போலத் தரையில் இருக்கும். மூன்றாவது, பாடி பேக்கோடு வரும் ரேக் ரிசீவர், வெளியே தெரியும் இரண்டு ஆண்டெனாக்களோடு. சின்ன ஹாலுக்கு முதல் வகை போதும். வாரம் இரண்டு மூன்று கச்சேரி, வெவ்வேறு ஊர் என்று அலைபவர்கள் இரண்டாவது வகைக்குக் குறையாமல் வாங்குவது நல்லது.

5. நேரே செருகும் வகையை வாங்குமுன் உங்கள் கிட்டாரைக் கடைக்கே எடுத்துப் போங்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரில் ஜாக் ஒரு குழிக்குள் சாய்வாக இருக்கும். தடித்த டிரான்ஸ்மிட்டர்கள் அதில் முழுதாக இறங்காது. லெஸ் பால் வகையில் ஜாக் பக்கவாட்டில் இருப்பதால் உள்ளே போகும், ஆனால் உட்காரும்போது தொடையில் இடித்து ஜாக் தளரும். எலக்ட்ரோ-அக்கூஸ்டிக் கிட்டாரில் ஸ்ட்ராப் மாட்டும் பொத்தானே ஜாக்காக இருக்கும். டிரான்ஸ்மிட்டரைச் செருகியபடி கிட்டாரைத் தரையில் நிறுத்தினால் முழு எடையும் அதன் மேல் விழும். திருப்பக்கூடிய கழுத்து உள்ள மாடலாகப் பாருங்கள்.

6. இனி அலைவரிசை. விலை குறைந்தவையும் நடுத்தர விலையில் வருபவையும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. இந்தியாவில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை தனி உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம். வசதியும் அதுதான், தொல்லையும் அதுதான். வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் இதே இடத்தில் இருக்கின்றன. ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள்: மண்டபத்தின் வைஃபை, வந்தவர்கள் கையில் நூற்றுக்கணக்கான செல்போன், போட்டோகிராபரின் ஃபிளாஷ் டிரிகர், வானத்தில் டிரோன், சில இடங்களில் மேடை விளக்குகளை ஒயர் இல்லாமல் இயக்கும் கருவி. இவ்வளவுக்கும் நடுவில் உங்கள் கிட்டாரின் ஒலி போய்ச் சேர வேண்டும்.

இதற்காக 2.4 வேண்டாம் என்று சொல்லவில்லை. தானாகவே காலியான இடத்துக்குத் தாவும் திறன் அதில் இருக்கிறதா என்று விவரக் குறிப்பில் பாருங்கள். விலை குறைந்த மாடல்கள் பல, பொத்தானை அழுத்தி நீங்களாக சேனல் மாற்றினால்தான் மாறும். பாட்டின் நடுவே அதற்கு நேரம் இருக்காது.

7. இந்த அலைவரிசைக்காரர்கள் சவுண்டு இன்ஜினியரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “அண்ணே, மிக்ஸருக்கு ரூட்டர் எங்க வச்சிருக்கீங்க?” இப்போது பலரும் டேப்லெட்டில் மிக்ஸ் செய்கிறார்கள். அதற்கான வைஃபை ரூட்டரை மேடை ஓரத்தில், உங்கள் ரிசீவருக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவார்கள். சில சிறிய டிஜிட்டல் மிக்ஸர்களுக்குள்ளேயே 2.4 வைஃபை இருக்கிறது. ரூட்டரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். முடியாவிட்டால் இரண்டுக்கும் நடுவே நாலைந்து மீட்டராவது இடைவெளி விடச் சொல்லுங்கள். பணிவாகக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. அவருக்கும் கச்சேரி நன்றாக நடக்க வேண்டும்.

8. 5.8 கிகாஹெர்ட்ஸ் மாடல்கள் ‘வைஃபை தொல்லை இல்லை’ என்று விளம்பரம் செய்யப்படுகின்றன. பாதி உண்மை. ரூட்டர்களின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இந்த எல்லைக்குள்ளும் வரும். அதோடு, கேமராவிலிருந்து எல்.இ.டி. திரைக்கு ஒயர் இல்லாமல் படம் அனுப்பும் கருவிகள் பெரும்பாலும் இந்த வட்டாரத்தில்தான் வேலை செய்கின்றன. ஆகவே ரிசப்ஷன் மேடைகளே உங்கள் பிழைப்பு என்றால் இது உங்களுக்கு அவ்வளவாக உதவாது. நிதானமான சின்ன ஹால், பயிற்சி அறை, வீடியோ குழு வராத தேவாலயம் என்றால் தாராளமாக வாங்கலாம். அலைவரிசை உயர உயர, நடுவில் ஓர் ஆள் நின்றாலும் சிக்னல் அதிகம் தடைபடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

9. யு.எச்.எஃப். வகை, அதாவது ஏறத்தாழ 470 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இயங்குபவை, கூட்டத்தை ஊடுருவிப் போவதில் மேலானவை. பெரிய குழுக்கள் இவற்றை நம்புவதற்குக் காரணம் அதுவே. ஆனால் வாங்கும்போது இரண்டு எச்சரிக்கை. முதலாவது, 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்கும் பழைய கருவிகளைத் தொடாதீர்கள். அந்தப் பட்டை 2022 ஏலத்தில் செல்போன் சேவைக்குப் போய்விட்டது. இப்போது 5ஜி அதில் ஓடுகிறது. அமெரிக்காவில் 700 பட்டையிலிருந்து ஒயர்லெஸ் மைக்குகளை 2010-லேயே வெளியேற்றினார்கள். 600 பட்டையின் பெரும்பகுதியிலிருந்தும் 2020 ஜூலையோடு வெளியேற வேண்டியதாயிற்று. அங்கே பயன்படாமல் போன கருவிகள் பழைய பொருளாக மலிவு விலையில் கைமாறுகின்றன. பெரிய பிராண்ட், பாதி விலை என்றதும் கை நீட்டாமல், பின்புறம் அச்சிட்டிருக்கும் மெகாஹெர்ட்ஸ் எண்ணைப் படியுங்கள்.

இரண்டாவது, யு.எச்.எஃப். என்பது 2.4 போல எல்லோருக்கும் திறந்துவிட்ட இடம் அல்ல. நம் நாட்டில் இதை முறைப்படுத்துவது தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு. இங்கே விற்க அனுமதி பெற்ற மாடலா என்று விற்பனையாளரிடம் கேட்டு, பில்லோடு வாங்குங்கள்.

10. பெட்டியில் ‘30 மீட்டர்’, ‘60 மீட்டர்’ என்று இருப்பது தடை ஏதும் இல்லாத வெட்டவெளிக் கணக்கு. மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸை அது நன்றாக உறிஞ்சும். காலி ஹாலில் கடைசி வரிசை வரை போய் வாசித்துக் காட்டிய அதே கருவி, கூட்டம் நிறைந்ததும் மேடை ஓரத்திலேயே விட்டுவிட்டு ஒலிக்கலாம். உங்களுக்கு வேண்டிய தூரத்தைப்போல் மூன்று மடங்கு எழுதியிருப்பதை வாங்குங்கள்.

11. ரிசீவரை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி. இருபதாயிரம் ரூபாய்க் கருவியைத் தப்பான இடத்தில் வைத்தால் ஐயாயிரம் ரூபாய்க் கருவியிடம் தோற்கும். நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு, ரிசீவரைக் கூட்டத்தின் நடுவே இருக்கும் மிக்ஸரில் வைப்பது. சிக்னல் முழுக் கூட்டத்தையும் தாண்டி வர வேண்டியிருக்கும். ரிசீவர் மேடையிலேயே, உங்கள் பிராசஸருக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பிராசஸரிலிருந்து மிக்ஸருக்கு வழக்கம்போல் டி.ஐ. பாக்ஸ் வழியாக ஒயர் போகட்டும்.

மேடையிலும் எங்கே? டிரான்ஸ்மிட்டர் ரிசீவரை நேரே ‘பார்க்க’ வேண்டும். வலது கையால் மீட்டுபவருக்கு ஜாக் உடலின் வலப்பக்கம் இருக்கிறது. நேரே செருகும் வகை என்றால் ரிசீவரையும் உங்கள் வலப்பக்கம் வையுங்கள். பாடி பேக்கை முதுகுப்பக்க ஸ்ட்ராப்பில் மாட்டுபவர், முன்னால் தரையில் ரிசீவரை வைத்தால் அவருடைய உடலே குறுக்கே நிற்கும். அவருக்கு ரிசீவர் பின்னால், டிரம்ஸ் பக்கம் இருப்பது நல்லது. தரையில், ஸ்டேஜ் மானிட்டர் பெட்டிகளுக்கு நடுவே புதைத்து வைக்க வேண்டாம். இடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்டூல் அல்லது ஸ்டாண்ட் மேல் வைத்து, சிறிய பேட்ச் கேபிளால் பிராசஸரோடு இணையுங்கள். எல்.இ.டி. திரைக்கு ஒட்டி வைக்கவே கூடாது. அந்தத் திரைகள் வெளியிடும் மின்காந்த இரைச்சல், யு.எச்.எஃப். ரிசீவர்களைத் திணறடிக்கும். மூடிய இரும்புப் பெட்டிக்குள் வைப்பதும் அப்படியே.

12. ‘டைவர்சிட்டி’ என்று போட்டிருந்தால் ரிசீவரில் இரண்டு ஆண்டெனா இருந்து, எதில் சிக்னல் நன்றாக வருகிறதோ அதை எடுத்துக்கொள்கிறது என்று பொருள். சுவரிலும் இரும்புத் தூணிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும் இடங்கள் மேடையில் ஆங்காங்கே இருக்கும். ஓர் ஆண்டெனாவுக்கு அந்த இடம் இருட்டாக இருந்தாலும் மற்றதற்கு இருக்காது. நடந்து வாசிப்பவருக்கு இது கட்டாயம்.

13. தாமதம். டிஜிட்டல் ஒயர்லெஸில் ஒலி மாறி வருவதற்குச் சில மில்லிசெகண்டு ஆகும். பாஸ் டபிள்யூ.எல்.-20 மாடலில் 2.3 மில்லிசெகண்டு; லைன் 6 ஜி10 மாடலில் 2.9, விலை குறைந்தவற்றில் 5, 6 வரை. காற்றில் ஒலி 1 மீட்டர் கடக்கவே ஏறத்தாழ 3 மில்லிசெகண்டு ஆகிறது. ஆக 3 மில்லிசெகண்டு தாமதம் என்பது ஆம்ப்பிலிருந்து ஓரடி இரண்டடி அல்ல, இன்னும் ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். இதனால் யாருடைய தாளமும் கெடாது.

கவனிக்க வேண்டியது கூட்டுத்தொகையை. ஒயர்லெஸில் 5, பிராசஸரில் 2, டிஜிட்டல் மிக்ஸரில் 2, காதில் மாட்டும் டிஜிட்டல் இன்-இயரில் இன்னும் சில என்று சேர்ந்து 12-ஐத் தாண்டினால், வேகமான ரிதம் வாசிக்கும்போது கை ஒரு பக்கமும் காது ஒரு பக்கமும் இருப்பதுபோல் தோன்றும். இன்-இயர் பயன்படுத்துபவர்கள் 3-க்குள் இருக்கும் கிட்டார் ஒயர்லெஸைத் தேடுங்கள்.

14. ஒயர்லெஸ் போட்டதும் கிட்டார் கொஞ்சம் ‘ஷார்ப்’பாக, சில்லென்று ஒலிப்பதாகத் தோன்றினால் உங்கள் காதில் பிழை இல்லை. கிட்டார் கேபிளுக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபாரட் மின்தேக்கம் உண்டு. 6 மீட்டர் கேபிள் என்றால் 600 ஆகிறது. அது பிக்கப்போடு சேர்ந்து உச்ச ஒலிகளைக் கொஞ்சம் மழுக்குகிறது. பல வருடம் அந்த மழுங்கலோடுதான் உங்கள் பிராசஸரில் டோன் அமைத்திருப்பீர்கள். ஒயர்லெஸில் அந்த நீளக் கேபிள் இல்லை. ஆகவே பிக்கப்பின் உச்ச ஒலி முழுதாக வருகிறது.

சில கருவிகள் இதை உணர்ந்து கேபிளின் மழுங்கலைத் தாங்களே உண்டாக்கித் தருகின்றன. பாஸ் டபிள்யூ.எல்.-20 மாடலில் 3 மீட்டர் கேபிளின் தன்மை சேர்த்தே வரும். அதன் ‘எல்’ மாடலில் இது கிடையாது, ஆக்டிவ் பிக்கப் உள்ளவர்களுக்கும் அக்கூஸ்டிக் வாசிப்பவர்களுக்கும் அதுவே பொருந்தும். இந்த வசதி இல்லாத கருவி உங்களிடம் இருந்தால் கவலை வேண்டாம். வீட்டில் கேபிளிலும் ஒயர்லெஸிலும் மாறி மாறி ஒரே பிட்டை வாசித்து, பிராசஸரில் டிரெபிளையும் பிரசன்ஸையும் சிறிது குறைத்து, அந்தப் பேட்சைத் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள். ஒலி ஒத்துப்போகும்.

15. பழைய பாணி ஃபஸ் பெடல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: ஃபஸ் ஃபேஸ் போன்றவை பிக்கப்போடு நேரே பேசினால்தான் இனிக்கும். ஒயர்லெஸ் நடுவில் வந்தால் கரகரப்பும் கூர்மையும் கூடும், கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் சுத்தமாகும் குணமும் போய்விடும். வாங்குமுன் அந்தப் பெடலோடு சேர்த்தே வாசித்துப் பாருங்கள்.

16. அனலாக் வகைகளில் ஒலியைச் சுருக்கி அனுப்பி, அந்தப் பக்கம் விரித்துக்கொள்வார்கள். அதனால் சில நோட்டுகள் அடங்கும்போது பின்னணியில் ‘உஸ்’ என்று இரைச்சல் ஏறி இறங்குவது கேட்கும். அதே சுருக்கல்-விரித்தல் ஷாஃபர்-வேகா கருவியில் ஒரு தனிச் சுவையைத் தந்தது; ஏசி/டிசி குழுவின் ஆங்கஸ் யங் அதை விரும்பி ஸ்டூடியோவிலும் பயன்படுத்தினார். இன்று புதிதாக வாங்குபவர் டிஜிட்டலாகவே வாங்கலாம்.

17. ஆக்டிவ் பிக்கப் உள்ள கிட்டாரில், ஜாக்கைச் செருகும்போதுதான் உள்ளிருக்கும் 9 வோல்ட் பேட்டரி இணையும். அதற்காக மூன்று தொடுமுனை ஜாக் போட்டிருப்பார்கள். நேரே செருகும் டிரான்ஸ்மிட்டர்கள் சில, இதில் பொருந்தாமல் சத்தமே வராமல் போகும், அல்லது இரையும். அப்படியானால் பாடி பேக் வகைக்குப் போங்கள். இன்னொன்று: கச்சேரி முடிந்ததும் டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பேட்டரியும் தீரும்.

18. ஹம்பக்கர் பிக்கப் உள்ள கிட்டார் சிங்கிள் காயிலைவிட வலுவான சிக்னல் தரும். டிரான்ஸ்மிட்டரில் கெய்ன் அல்லது பேட் வசதி இருந்தால், நீங்கள் அடிக்கும் மிகப் பலமான கார்டை அடித்து, சிவப்பு விளக்கு எரியாத அளவுக்குக் குறையுங்கள். அங்கே உடைந்த ஒலியைப் பிறகு எந்த மிக்ஸராலும் சரிசெய்ய முடியாது.

19. பேட்டரி பற்றி நீளமாகவே சொல்ல வேண்டும். நம் கச்சேரி இரண்டு மணி நேரம் என்று போஸ்டரில் இருக்கும். மாலை 4 மணிக்கு சவுண்டு செக், 7 மணிக்குத் தொடக்கம், விருந்தினர் பேச்சு, பொன்னாடை எல்லாம் முடிந்து கடைசிப் பாட்டு 11 மணிக்கு. பெட்டியில் சொன்ன நேரத்தில் பாதியைத்தான் நம்ப வேண்டும். சவுண்டு செக் முடிந்ததும் அணைத்து வைக்க வேண்டும்.

உள்ளேயே பொருத்திய லித்தியம் பேட்டரி வசதியானது. ஆனால் சில நூறு முறை சார்ஜ் ஏற்றிய பிறகு அதன் கொள்ளளவு குறையும். திறந்து மாற்ற முடியாத மாடல் என்றால் அதோடு கருவியின் ஆயுளும் முடிகிறது. ஏஏ பேட்டரி போடும் பாடி பேக்குகள் கொஞ்சம் கனமாக இருந்தாலும், எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் பேட்டரி கிடைக்கும் என்பதால் ஊர் ஊராகப் போகும் குழுவினருக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். ரீசார்ஜ் செய்யும் ஏஏ பேட்டரிகள் 1.2 வோல்ட், சாதாரண அல்கலைன் 1.5 வோல்ட். கருவி இரண்டையும் ஏற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதியதையும் பழையதையும் சேர்த்துப் போட வேண்டாம்.

நேரே செருகும் வகையில் ரிசீவருக்குள்ளும் ஒரு பேட்டரி இருக்கும். டிரான்ஸ்மிட்டரை மட்டும் சார்ஜ் போட்டுவிட்டு இதை மறப்பவர்கள் அதிகம். இரண்டையும் ஒரே சார்ஜரில், ஒரே நேரத்தில் போடும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்கில் சார்ஜ் ஏற்றுபவர்கள் கவனிக்க: இவை எடுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் சில பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் பூட்டிய காருக்குள் இவற்றை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். விமானத்தில் போனால் பவர் பேங்கைக் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும், கருவியையும் அதிலேயே வைப்பது நல்லது.

20. பெடல் வகை ரிசீவரை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் சங்கிலியாக இணைத்தால் கீச்சென்ற டிஜிட்டல் இரைச்சல் வரக்கூடும். தனித்தனி வெளியீடு உள்ள பவர் சப்ளையில் ஒன்றை அதற்கென்று ஒதுக்குங்கள்.

21. குழுவில் லீட், ரிதம், பேஸ் மூவரும் ஒயர்லெஸ் என்றால் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலாக வாங்குங்கள். ஒன்றோடு ஒன்று மோதாத சேனல்களை அவர்களே வகுத்துத் தந்திருப்பார்கள். யு.எச்.எஃப். கருவிகளில் அலைவரிசைகளைச் சம இடைவெளியில் வைக்கக் கூடாது. 500, 501 மெகாஹெர்ட்ஸில் இரண்டு டிரான்ஸ்மிட்டர் பக்கத்தில் பக்கத்தில் இயங்கினால் 499-இலும் 502-இலும் கள்ளச் சிக்னல் பிறக்கும். மூன்றாமவரை 502-இல் வைத்தால் அது அவர் தலையில் விழும். இன்-இயரின் ரிசீவர் பேக்கையும் கிட்டாரின் டிரான்ஸ்மிட்டர் பேக்கையும் இடுப்பில் ஒட்டி மாட்டாமல், ஒன்றை இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் மாட்டுங்கள்.

22. கடையில் சோதிக்கும் முறை: கேபிளில் ஒரு முறை, ஒயர்லெஸில் ஒரு முறை, உங்களுக்கு நன்கு பழகிய ஒரே பிட். பிறகு கிட்டார் வால்யூமை முழுதாகக் குறைத்துப் பின்னணி இரைச்சலைக் கேளுங்கள். ஒரே நோட்டைப் பிடித்து, அது முழுதாக அடங்கும் வரை கேளுங்கள். டிரான்ஸ்மிட்டரை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். ரிசீவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூரமாக நடந்து போங்கள். கடைசியாக, வாசிக்கும்போதே டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிடுங்கள்: நல்ல கருவி சத்தமில்லாமல் அமைதியாகும், மட்டமானது ஸ்பீக்கரே கிழிவதுபோல் ‘டப்’ என்று அதிரும்.

23. பாடி பேக்குக்கும் கிட்டாருக்கும் நடுவே உள்ள குட்டிக் கேபிள்தான் முதலில் பழுதாகும் பாகம். ஒவ்வொரு நிறுவனமும் வேறு வேறு முனை போடுகிறது. வாங்கும் அன்றே இன்னொன்றைச் சேர்த்து வாங்குங்கள். கேபிளை ஸ்ட்ராப்புக்கும் கிட்டாருக்கும் இடையே ஒரு சுற்று விட்டுச் செருகினால் இழுவை ஜாக்கில் விழாது. பாடி பேக்கைச் சட்டைக்குள் வியர்வையில் நனைய விடாமல், ஸ்ட்ராப்பின் வெளிப்பக்கம் மாட்டுங்கள். சிக்னலுக்கும் அதுவே நல்லது.

24. நல்ல கேபிள் ஒன்றை, ஒரு முனை பிராசஸருக்குப் பக்கத்தில் தயாராக, எப்போதும் மேடையில் வைத்திருங்கள். சிக்னல் விட்டு விட்டு வரத் தொடங்கினால் சேனலைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வால்யூம் பெடலைக் குறைத்து, கேபிளுக்கு மாறி, அடுத்த பல்லவிக்குள் சேர்ந்துகொள்ளுங்கள்.

25. பல குழுக்கள் வரிசையாக வாசிக்கும் விழாக்களில், உங்கள் முறை முடிந்து கீழே இறங்கியதும் முதல் வேலையாக டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். உங்களுக்குப் பின்னால் ஏறும் பேண்டிடமும் அதே மாடல் இருக்கலாம். மேடைக்குப் பின்னால் நீங்கள் பையில் போட்டு மறந்த கருவி, அவர்களுடைய அலைவரிசையை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது.